டர்போ லேக்கும் என் வலது காலும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற சின்னச் சாலை ஒன்று. இடது பக்கம் முழுக்க ஒரு விடுதியின் நீண்ட மதில் சுவர். அதில் கொஞ்சத் தூரத்துக்கு ஒரு தரம் 'அமைதி காக்கவும்' என்று பச்சைப் பெயிண்டில் எழுதியிருந்தது.

அந்தச் சுவரை உரசாத குறையாக எங்கள் டீசல் கார் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் என் வீட்டுக்காரர் சேகர். அவருக்குப் பக்கத்தில் மெக்கானிக் ஜப்பார் பாய், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தலையைப் பாதி வெளியே நீட்டியிருந்தார். பின் சீட்டில் நான்.

சுவர் முடிந்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஆரம்பத்துக்கு வந்தோம். மறுபடி சுவரை ஒட்டிப் போனோம். மறுபடி திரும்பினோம்.

எதிரே காபிக் கடை வாசலில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். (கோரைப் பாயைச் சொல்கிறேன்.) மூன்றாவது தடவை நாங்கள் கடந்தபோது எழுந்து நின்று கைகூப்பினார். மலையையே வலம் வருகிற இந்த ஊரில் எதை வேண்டுமானாலும் வலம் வருவார்கள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஜப்பார் பாய் பதிலுக்கு மரியாதையாகத் தலையாட்டினார்.

நாங்கள் வலம் வரவில்லை. ஒரு சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். அது கிடைத்தால் குற்றம் வண்டியின் மேல். கிடைக்காவிட்டால் குற்றம் என் வலது காலின் மேல். வீட்டில் தீர்ப்பு ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. நான் மேல்முறையீட்டுக்கு வந்திருந்தேன்.

நாற்பத்திரண்டில் எல் போர்டு

கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்துகிறேன். வீடு வேங்கிக்காலில். பல வருஷம் பஸ்ஸில்தான் போய் வந்தேன். கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது.

கற்றுக்கொடுத்தவர் பொறுமைசாலி. பதினைந்தாம் நாள் மட்டும் ஒன்று சொன்னார். "டீச்சர், முன்னால போற வண்டி வழி விடலன்னா ஹாரன் அடிக்கணும். நீங்க மொறைக்கறீங்க. அவனுக்கு முதுகுல கண்ணு இல்ல."

காரை வாங்கியது சேகர். பழைய வண்டிதான், ஆனால் அவருக்கு அது தேர். எந்தக் கம்பெனி வண்டி என்று எழுதப்போவதில்லை. அவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

சேகர் வண்டி ஓட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? வாய்ப்பில்லை. பார்த்திருந்தால் தாண்டிப் போயிருப்பீர்கள். அவருக்கு மைலேஜ்தான் எல்லாம். தூங்குகிற குழந்தையின் பாதத்தைத் தொடுகிற மாதிரித்தான் ஆக்சிலரேட்டரைத் தொடுவார். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நான் காபி கொண்டுவருவதற்குள் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லி முடித்திருப்பார். பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்துக்காக ஊருக்குள் வண்டி விடமாட்டார்கள் இல்லையா, அன்றைக்குத்தான் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். ஒரு சொட்டு டீசல் செலவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், வழக்கே இங்கேதான் இருந்தது. அது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

கரும்பு டிராக்டர்

ஒரு வியாழக்கிழமை. பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் எங்கள் பள்ளித் தமிழாசிரியை மரகதம் டீச்சர். தினமும் என்னோடுதான் வருவார். சாம்பார் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, ஊர்க்கதையை எங்கள் தெருமுனையில் ஆரம்பித்தால் பள்ளி கேட்டில் முற்றுப்புள்ளி வைப்பார்.

முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர். நேரான சாலை. எதிரே வெகு தூரத்தில் ஒரு பஸ். போதுமான இடம் இருந்தது. இன்றைக்கும் அதைச் சொல்வேன். மூன்றாவது கியருக்கு இறக்கி, வலப்பக்கம் எடுத்து, முழுசாக அழுத்தினேன்.

வண்டி போகவில்லை.

இன்ஜின் முக்கியது. வேகம் காட்டுகிற முள் நகரவில்லை. டிராக்டருக்குச் சரிசமமாக, அதன் பக்கத்திலேயே, ஜோடி போட்டுக்கொண்டு போகிற மாதிரிப் போனேன். பஸ் பெரிதாகிக்கொண்டே வந்தது. பஸ்காரன் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தான். கரும்புத் தோகை கண்ணாடியில் உரசுகிற சத்தம் மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பிரேக்கை மிதித்து டிராக்டரின் பின்னால் நுழைந்தேன். நுழைந்த அடுத்த மூச்சில் பஸ் எங்களைத் தாண்டியது. கண்ணாடியில் பார்த்தேன், எங்களுக்குப் பின்னால் சாலை கறுப்புப் புகையாக இருந்தது. டிராக்டர்காரர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டபடி போனார். நடந்தது எதுவும் அவருக்கு இன்றுவரை தெரியாது.

சாம்பார் மரகதம் டீச்சரின் புடவையில் இருந்தது. பள்ளி கேட்டில் இறங்கியபிறகுதான் வாயைத் திறந்தார்.

"விஜயா, தப்பா எடுத்துக்காத. நாளைலேர்ந்து நான் பஸ்லயே வந்துடறேன். எம் பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகல."

முதல் பீரியட் செய்முறை வகுப்பு. பெண்டுலத்தை ஆட்டிக் காட்ட வேண்டும். என் கை நடுங்கிய நடுக்கத்தில் அது தானாகவே ஆடியது.

காபி டம்ளரில் ஒரு டர்போ

சாயங்காலம் சேகரிடம் சொன்னேன். பயந்துதான் போனார், என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். அத்தோடு விட்டிருக்கலாம். எழுந்து போய் இரண்டு காபி டம்ளர்களை எடுத்து வந்தார்.

"இது இன்ஜின். இது டர்போ. இன்ஜின்லேர்ந்து வர்ற புகை இதுல இருக்கிற விசிறியைச் சுத்தும். அது சுத்தினா இன்னொரு விசிறி சுத்தி, காத்தை ஜாஸ்தியா இன்ஜினுக்குள்ள தள்ளும். காத்து ஜாஸ்தியானா இழுவை ஜாஸ்தி. ஆனா விசிறி வேகம் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும் இல்ல? அதுக்குப் பேருதான் டர்போ லேக். டீசல் வண்டின்னா இருக்கும். நீதான் அதைக் கணக்குப் பண்ணி ஓட்டணும்."

இருபது வருஷமாக இயற்பியல் நடத்துகிறவளுக்கு, இரண்டு டம்ளரை வைத்து. சொன்னது என்னவோ சரிதான். ஆனால் அந்தத் தயக்கம் ஒரு விநாடி இருக்கலாம். இது ஒரு யுகம் தயங்கியது.

"நீ டாப் கியர்ல போட்டு அமுக்கியிருப்ப விஜி."

"மூணாவது கியர்ங்க."

"அப்ப கிளட்ச்ல கால் வெச்சிருப்ப."

"வெக்கல."

"வெச்சிருக்கறது உனக்கே தெரியாது."

இதற்கு மேல் வாதாட என்ன இருக்கிறது? அவர் சாவியை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் வரை ஒரு சுற்றுப் போய் வந்தார். "நல்லாத்தானே இருக்கு" என்றார்.

அவரே ஓட்டிய வீடியோ

என்னிடம் ஒரு சாட்சி இருந்தது. வண்டி வாங்கிய அன்று, அதன் இழுவையைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டவேண்டும் என்று, அவர் வாழ்க்கையிலேயே ஒரே ஒரு தடவை ஆக்சிலரேட்டரை முழுசாக அழுத்தியிருந்தார். பின் சீட்டிலிருந்து அவர் தம்பி அதை வீடியோ எடுத்து, குடும்ப குரூப்பில் போட்டிருந்தார். மூன்றாவது கியரில் நாற்பதிலிருந்து எண்பது. வீடியோவை ஓடவிட்டு எண்ணிப் பார்த்தேன். எட்டு விநாடி.

மறுநாள் காலியாக இருந்த நேர்ச்சாலையில், முன்னும் பின்னும் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து, போனை ஸ்டாண்டில் வைத்து, நான் அதையே செய்தேன். பதினாறு விநாடி.

இரண்டையும் அவர் முன் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீ தனியா போன. அன்னிக்கு நாங்க மூணு பேர் இருந்தோம்."

மூன்று பேர் ஏறினால் வண்டி வேகமாக ஓடும் என்பதை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் படித்ததில்லை. அவரும் சொல்லி முடித்தபிறகு அதை உணர்ந்தார் என்று நினைக்கிறேன். டம்ளர்களைக் கழுவப் போய்விட்டார்.

சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அப்போது சிரிப்பு வரவில்லை. அந்த பஸ்ஸின் முகப்பு விளக்குகள் கண்ணை மூடினால் வந்தன. 'வெச்சிருக்கறது உனக்கே தெரியாது' என்ற வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. கையில் அளவு இருந்தும், ஒருவேளை அவர் சொல்வது சரியோ என்று தோன்ற ஆரம்பித்தது. மூன்று வாரம் பஸ்ஸில் போனேன். மரகதம் டீச்சர் எனக்கும் சேர்த்து ஜன்னலோர சீட் பிடித்து வைத்திருப்பார். "இதான் நல்லது விஜயா" என்பார். அந்த ஆறுதல்தான் இன்னும் வலித்தது.

விரலால் சுழற்றிப் பார்த்தவர்

மூன்றாவது வாரம் சனிக்கிழமை, ஆயில் மாற்றுவதற்காக சேகர் வண்டியை ஜப்பார் பாய் கடைக்கு எடுத்துப் போனார். நானும் ஏறிக்கொண்டேன். பாய்க்கு அறுபது வயது இருக்கும். ஊருக்கு வந்து சேர்கிற நான்கு ரோட்டு டீசல் வண்டிகளும் அவர் கையில் வளர்ந்தவை. நான் நடந்ததைச் சொல்லி, இரண்டு வீடியோவையும் காட்டினேன்.

பாய் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார். "இது ஒண்ணும் சொல்லல."

"நான் சொல்லல? நார்மல்" என்றார் சேகர்.

"கம்ப்யூட்டர் சொல்லலன்னா நார்மல்னு அர்த்தம் இல்ல சார். அதுக்குத் தெரியலன்னு அர்த்தம்."

சேகர் உடனே கட்சி மாறினார். "அப்ப டர்போவே போயிடுச்சா பாய்? புதுசு போடணுமா?" ஒன்றுமே இல்லை என்பதிலிருந்து எல்லாமே போச்சு என்பதற்கு வர அவருக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை. அதில் மட்டும் லேக் கிடையாது.

பாய் ஒரு குழாயைக் கழற்றி, டர்போவின் விசிறியை விரலால் சுழற்றினார். மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். "ஆட்டமே இல்ல. நல்லா கீது. அது காத்தைக் கரெக்டாதான் தள்ளுது. தள்ற காத்து இன்ஜினுக்குப் போய்ச் சேரல, அவ்ளோதான். நடுவுல எங்கயோ ஒழுகுது. கையில தடவிப் பாத்தா தெரியல. ஓட்டி, காதால கேக்கணும். நாளைக்குக் காலைல நீளமா ஒரு செவுரு இருக்கற ரோடாப் பாத்துப் போவலாம். செவுத்துல பட்டுத் திரும்பினா சத்தம் நல்லா வரும்."

நான்காவது சுற்று

அப்படித்தான் 'அமைதி காக்கவும்' சுவருக்கு வந்து சேர்ந்தோம்.

மூன்று சுற்றிலும் ஒன்றும் கேட்கவில்லை. பாய் தலையை உள்ளே இழுத்து, சேகரின் காலைப் பார்த்தார்.

"சார், முழுசா அமுக்குங்க."

"அமுக்கிட்டுத்தான பாய் இருக்கேன்."

"இது அமுக்கறது இல்ல சார். தடவிக் குடுக்கறது."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார். "நீங்க எப்பவுமே இப்பிடித்தான் ஓட்டுவீங்களா? அப்பிடின்னா இந்தக் கம்ப்ளெய்ன்ட் உங்களுக்கு எப்பவுமே வராது. காத்து அழுத்தம் ஏறினாதான் ஒழுகும். பின்னால போய் உக்காருங்க. டீச்சர்ம்மா ஓட்டட்டும்."

இடம் மாறினோம். மூன்று வாரம் கழித்து ஸ்டியரிங்கைத் தொட்டேன். சுவரின் நிழல் சாலையில் விழுந்திருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. "ரெண்டாவது கியர்லயே வைங்க, வேகம் வேணாம், இன்ஜினுக்கு பாரம் தெரிஞ்சா போதும்" என்றார் பாய்.

என் கால் ஆக்சிலரேட்டர் மேல் இருந்தது. அழுத்த வரவில்லை. பின்னாலிருந்து யாரும் எதுவும் சொல்லவில்லை. அதற்காக சேகருக்கு இன்றும் நன்றி சொல்வேன். மூச்சை விட்டுவிட்டு, தரை தொடும்வரை அழுத்தினேன்.

வண்டி முக்கிக்கொண்டு போனது. பின்னால் கறுப்புப் புகை. சுவர் முடிகிற இடத்தில் நிறுத்தினேன். பாய் முன்பக்கம் பார்த்தபடியே கேட்டார்.

"சார், ஏதாச்சும் கேட்டுச்சா?"

"நான் கவனிக்கல பாய். நீங்கதான கேக்கணும்?"

பாய் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். அதைச் சரிசெய்ய அவ்வளவு நேரம் தேவையில்லை.

"எனக்கு மெல்லிசு சத்தம் கேக்கறது இல்ல சார். ரெண்டு வருஷமாச்சு. இன்ஜின் சத்தம் கேக்கும், பேசினா கேக்கும். இந்த ஊதற சத்தம், விசில் சத்தம், இதெல்லாம் போயிடுச்சு. செவுரு இருந்தா கொஞ்சம் கெட்டியா வரும், எப்பிடியோ புடிச்சுக்குவேன். இன்னிக்கு அதுவும் வரல." எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வெளிய சொல்லிடாதீங்க. காது கேக்காத மெக்கானிக்குகிட்ட எவன் வண்டி வுடுவான்?"

வண்டிக்குள் அமைதி. காக்கச் சொல்லி யாரும் எழுதாத அமைதி.

சேகர் ஜன்னலை முழுசாக இறக்கினார். தலையை வெளியே நீட்டினார். "திருப்பு விஜி. நான் கேக்கறேன்."

ஐந்தாவது சுற்று. அழுத்தினேன். நிறுத்தினேன். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒன்றும் கேட்கவில்லை என்று. யாராலும் மறுக்க முடியாது.

"கேக்குது" என்றார். "ஸ்ஸ்ஸுன்னு. நீ அமுக்கறப்ப மட்டும். இடது பக்கம், முன்னால, கீழ."

அப்புறம் ஒரு நிமிஷம் கழித்து, "நல்லாவே கேக்குது" என்றார்.

வாயை மூடிக்கொண்டிருந்த குழாய்

கடைக்குத் திரும்பி, அந்த இடத்திலிருந்த ரப்பர் குழாயைப் பாய் கழற்றினார். பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கையாலும் வளைத்தார். அடிப்பக்கம், குழாயை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு வாயைத் திறந்தது. விட்டதும் மூடிக்கொண்டது.

"பாத்தீங்களா? சும்மா இருந்தா சாது. அழுத்தினாதான் கத்தும்."

சேகர் அதை வாங்கி, வளைத்து, விட்டு, வளைத்து, விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. மூன்று வாரமாகத் தயார் செய்தவை. ஒன்றையும் சொல்லவில்லை. பாய் எதிரில் சொல்ல வேண்டாம் என்று பார்த்தேன். வீட்டுக்குப் போனபிறகு சொல்லத் தோன்றவில்லை.

புதுக் குழாய் போட்டதும் சாவியை என்னிடம் நீட்டினார். அதுதான் அவருடைய மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, வராந்தாவில் அவர் தம்பியோடு போனில் பேசுவது கேட்டது.

"டர்போ லேக் இல்லடா. ஹோஸ் வெடிச்சிருந்தது. அவ முதல் நாளே சொன்னா, வண்டியிலதான் ஏதோன்னு. நான்தான் மூணு வாரமா அவ கால் மேலயே பழி போட்டுட்டிருந்தேன். அன்னிக்கு அந்த பஸ் இன்னும் கொஞ்சம் பக்கத்துல இருந்திருந்தா..." அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் துணி மடிப்பதை நிறுத்திவிட்டேன்.

பாயின் காது

பாயின் ரகசியத்தை நாங்கள் இரண்டு மாதம் காப்பாற்றினோம். இரண்டு மாதமும் சேகர் வாரம் ஒரு தடவை அவர் கடைக்குப் போய், காது டாக்டரைப் பார்க்கச் சொல்லி நச்சரித்தார். கடைசியில் பாய் ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை: இந்த ஊரில் வேண்டாம், யாராவது பார்த்துவிடுவார்கள். சேகரே வேலூருக்குக் காரில் அழைத்துப் போனார். அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆனது என்று பாயிடம் கேட்டேன். "பஸ்ல போயிருந்தா திரும்பியே வந்திருப்போம்" என்றார்.

காதுக்குப் பின்னால் மாட்டுகிற சின்னக் கருவி கொடுத்தார்கள். அதை மறைக்க, கொளுத்துகிற சித்திரை வெயிலில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தார். ஜுரமா, ஜுரமா என்று ஊரே விசாரித்த பிறகு, பதில் சொல்லி மாளாமல் அவிழ்த்துவிட்டார். ஒரு வண்டியும் குறையவில்லை. இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "போட்டோ போடாதீங்க, மத்தபடி எழுதுங்க" என்றார்.

மஃப்ளர் போன மறுவாரம் கடைக்குப் போயிருந்தேன். பாய் வேலை எதுவும் செய்யாமல், டயருக்குக் காற்று அடிக்கிற கம்ப்ரஸர் பக்கத்தில் தலையைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார்.

"டீச்சர்ம்மா, இங்க வாங்க. இது உங்களுக்குக் கேக்குதா?"

குனிந்தேன். குழாய் சேர்கிற இடத்தில் மெல்லிசாகக் காற்று ஒழுகிக்கொண்டிருந்தது.

"கேக்குது பாய்."

"முன்னயே கேட்டுச்சா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "நான் முதல் தடவை வந்தப்பவே கேட்டுச்சு பாய். எல்லாக் கடையிலயும் இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"ஊர் வண்டியில எல்லாம் காத்து எங்க போவுதுன்னு தேடிக்கினு இருந்திருக்கேன். எங் கடையிலயே போயிக்கினு இருந்திருக்கு. ஒருத்தரும் சொல்லல பாருங்க." சத்தம் இல்லாமல் சிரித்தார்.

"ஒரு கிளாம்ப் போட்டா நின்னுடுமே பாய்."

"நின்னுடும்" என்றார். கிளாம்ப் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது; எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி உள்ளே போட்டுக்கொண்டார். "நாலு நாள் போவட்டும் டீச்சர்ம்மா. கேட்டுக்கினு இருக்கேன்."